சட்டப்படி காலி

மருந்து என்றால் வாய்வழியாகத்தான்.
இரண்டு வில்லை,
கறுத்த முனை கீழே போகும்படி;
தீயைப் பிடிக்கத் தெரிந்த முனை அதுதான்.
அதன் மேல் குண்டு,
நாலு இதழ் பிளாஸ்டிக் சட்டைக்குள் இடுப்புவரை.
குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழல்வது சட்டை.
வெளியே வந்ததும் இதழ் விரிந்து பின்தங்கிவிடும்.
குண்டு வெற்றுடம்போடு போகும்.

கம்பியால் அழுத்தி இறக்குகிறேன்.
கம்பியில் நகப்பூச்சால் இரண்டு கோடு.
குழல் வாயில் சிவப்பு நின்றால் கெட்டித்திருக்கிறது,
நீலம் நின்றால் ஒன்றுமில்லை.
சிவப்பு ஒரு விரற்கடை மேலே நின்றால்
குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று உட்கார்ந்திருக்கிறது.
குழலே வெடிக்கலாம்.

பழைய துப்பாக்கிகளில் சுத்தியல் பக்கவாட்டில்.
தீ ஒரு முடுக்குத் திரும்பித்தான் மருந்தைச் சேர வேண்டும்.
வழியில் தயங்கும். சில நாள் வந்தே சேராது.
என்னுடையதில் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசை:
ஊசி, தொப்பி, அடைப்பான், வில்லை, குண்டு,
அதிர்ஷ்டம் இருந்தால் மான்.
தொப்பி, ஷாட்கன் தோட்டாவுக்கென்று பிறந்தது.
இருநூற்று ஒன்பது என்று பேர்.
சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு, தேவைக்கு மேல் தீ.

ஜனவரி. தென் அயோவா. சோளத்தாள் மேல் முழங்கால் பனி.
பள்ளிப் பேருந்தை ஷெட்டில் விட்டுவிட்டு
மூன்றரைக்கு ஓடி வருகிறேன்.
திங்கள் கெட்டித்தேன். எதுவும் வரவில்லை.
செவ்வாய் வந்தது, குட்டியோடு.
இருட்டியதும் தொப்பியை மட்டும் எடுத்துப் பையில் போடுவேன்.
இங்கே சட்டத்துக்கு அது போதும்:
தொப்பி இல்லாத துப்பாக்கி காலித் துப்பாக்கி.
வார்டன் நிறுத்தினால் பையைத் தட்டிக் காட்டலாம்.
சிவப்புக் கோடு மட்டும் ஒப்புக்கொள்ளாது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்லின். அண்ணன்.
நூற்றறுபது ஏக்கரை ரெண்டாக அறுத்த அன்று
நான் ஒன்று சொன்னேன்.
அவன் ஒன்று சொல்லாமல் போனான்.
அதற்குப் பிறகு இரண்டு அறுவடை.
எதிரெதிரே டிராக்டர் வந்தால்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவோம்.
சட்டப்படி அதுவும் பேச்சுதான்.

வியாழன் இரவு கொட்டகைப் பூட்டு உறைந்துவிட்டது.
துப்பாக்கியை அடுப்படியில் சாத்தினேன்.
குளிரிலிருந்து வந்த இரும்புக்கு வியர்க்கும்.
தெரியும். தெரிந்தும் தூங்கிவிட்டேன்.

சனி, ஐந்து மணி.
காது கிழிந்த பெட்டை, எழுபது கஜம், விலா காட்டி.
விசையை இழுத்தேன்.
பட்.
தொப்பி மட்டும்.
குழலை அசைக்காமல் எண்ணினேன்;
தூங்கும் தீ சில சமயம் பிந்தி எழும்,
அறுபது வரை நம்பக் கூடாது.
மானும் தலை தூக்கி என்னோடு எண்ணியது.
நாற்பத்தொன்றில் அதற்குப் பசித்துவிட்டது,
குனிந்து சோளம் பொறுக்கியது.
இன்னொரு தொப்பி.
பட்.
இந்த முறை அது நிற்கவில்லை.

மறுபடி அறுபது, யாருமில்லாத வயலைக் குறிவைத்து.
பிறகு பனியில் மண்டியிட்டு அடைப்பானைத் திருகிக் கழற்றினேன்.
இந்த வகையின் சௌகரியம் இது, முதுகு திறக்கும்.
வாயில் கம்பியை விட்டுத் தள்ளினேன்.
வாசலில் போனதெல்லாம் கொல்லைப்புறமாக வந்தது:
கஞ்சியாகிப்போன வில்லைகள்,
பின்னாலேயே குண்டு, சட்டை கசங்காமல்.
கம்பியை விட்டுப் பார்க்க அவசியமில்லை,
இருந்தும் பார்த்தேன். நீலம்.

இருபுறமும் திறந்த குழலைக் கண்ணருகே தூக்கினேன்.
சுழன்று சுழன்று போகும் பள்ளங்கள்,
முடிவில் காசளவு வெளிச்சம்,
வெர்லின் வீட்டு முற்றத்து விளக்கு.
அது நகர்ந்தது.
விளக்கில்லை, டார்ச்.
வேலியருகே வந்து நின்றது.

"மார்லிஸ், ரெண்டு தடவை பட்டுன்னு கேட்டுச்சே.
வெடிக்கலையா?"

இரண்டு அறுவடையில்
இவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை.

"இல்ல" என்றேன்.
"ஈரம்."